மிச்சக்கதை லீலா

பென்னலூர் லீலாவைத் தெரியுமா என்று ஒரகடம் கூட்டுரோட்டில் கேட்டால் யாரும் உதட்டைப் பிதுக்குவார்கள். மிச்சக்கதை லீலா என்று கேட்டுப் பாருங்கள். டீ ஆற்றுகிறவர்கூட கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "எந்தக் கம்பெனி நீ? எதுல தூங்கிட்ட?" என்று விசாரித்த பிறகுதான் வழி சொல்வார்.

லீலாவுக்கு வயது நாற்பத்திரண்டு. காருக்குள் ஓடுகிற வயர்களைக் கட்டுக் கட்டாகச் செய்கிற கம்பெனியில் பதினோரு வருடமாகச் சோதனை மேசையில் நிற்கிறாள். ஒரு கட்டில் நூற்றுக்கு மேல் வயர். எது எந்தத் துளைக்குள் போகவேண்டும், எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் என்று அவள் விரலுக்கே தெரியும். கணவர் சுபாஷ் கம்பெனி பஸ் ஓட்டியவர். இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. மகள் மறைமலை நகரில் வேலை பார்த்துக்கொண்டு அங்கேயே தோழிகளோடு தங்கியிருக்கிறாள். வாரத்துக்கு ஒரு முறை போனில் சண்டை போட்டுக்கொள்வார்கள். மற்றபடி சுகம்.

அந்தப் பெயர் அவளுக்கு வந்த இடம் கன்னியப்பனின் கொட்டகை. கன்னியப்பன் வீட்டு நிலத்தில் முக்கால்வாசி தொழிற்பேட்டைக்குள் போய்விட்டது. மிஞ்சிய துண்டில் தகர ஷெட் போட்டுத் தெர்மாகோல் கம்பெனிக்கு விட்டிருந்தார். கம்பெனி ஒரு நாள் இடத்தைக் காலி செய்துகொண்டு போனது. தெர்மாகோல் முத்துக்கள் மட்டும் போகவில்லை. கூரைச் சட்டங்களில், சுவர் இடுக்கில், மின்விசிறியின் தலையில் என்று எங்கெங்கோ ஒளிந்திருந்தன. காற்று கொஞ்சம் அசைந்தால் போதும், இரண்டு மூன்று முத்து மிதந்து வரும். காலை வெயில் தகர ஓட்டைகள் வழியாக உள்ளே இறங்கும்போது அவை வெளிச்சத்துக்குள் ஏறும், நிற்கும், எங்கே இறங்குவது என்று முடிவு செய்யாமல் சுற்றும். பார்த்துக்கொண்டே இருந்தால் நாம் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பதே மறந்துபோகும்.

அந்த இடத்தை நாடகத்துக்குக் கேட்டு வந்தவர்கள் மூன்று பேர். பேச்சிராஜ், திருநெல்வேலிப் பக்கத்துக்காரன், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான், ராத்திரி ஷிஃப்டில் நாடகம் எழுதுகிறான். ஷாரோன், ஒரு கம்பெனியின் முதலுதவி அறையில் நர்ஸ், ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கீபோர்டு வாசிக்கிறவள். சுபஸ்ரீ, தரக்கட்டுப்பாட்டில் இளம் இன்ஜினீயர், எதைக் கண்டாலும் அட்டவணை போடுகிற வியாதி உள்ளவள். கன்னியப்பன் ஒரு வாரம் யோசித்தார். ஆள் புழங்காத இடத்தில் பாம்பு புழங்கும் என்று கொடுத்துவிட்டார். பிறகு அவரே தினம் வந்து பெருக்கினார். பெருக்கப் பெருக்க முத்துக்கள் பறந்தனவே தவிர குறையவில்லை. ஒடிசாவிலிருந்து வெல்டிங் வேலைக்கு வந்த ஒருவர், கேட்காமலே டோலக்கைத் தூக்கிக்கொண்டு வந்து மூலையில் உட்கார்ந்துவிட்டார். அவருக்குத் தெரிந்த தமிழ் 'சாப்டாச்சா', 'மெதுவா' இரண்டும்தான். கலை செய்ய அது போதுமென்றே தோன்றியது.

காட்சி ஞாயிறு காலை ஏழே காலுக்கு. உலகத்தில் வேறெங்கும் அந்த நேரத்துக்கு நாடகம் போடமாட்டார்கள். ஆனால் ராத்திரி ஷிஃப்ட் முடித்துக் கம்பெனி பஸ்ஸில் இறங்குகிறவர்களுக்கு வாரவிடுமுறை அப்போதுதான் தொடங்குகிறது. முதல் காட்சிக்கு முப்பது பேர் வந்தார்கள். சீருடையைக்கூட மாற்றாமல் பாயில் உட்கார்ந்தார்கள். பேச்சிராஜ் மூச்சைப் பிடித்துக்கொண்டு முதல் வசனத்தைச் சொன்னான். பத்து நிமிடத்தில் ஏழு பேர் சாய்ந்தார்கள். அரை மணியில் இருபத்தாறு பேர். நடுமேடையில் நின்ற பேச்சிராஜின் முகத்தைப் பார்க்கவேண்டுமே, பந்தியில் இலை போட்டுவிட்டுச் சோறு வராதவன் மாதிரி நின்றான்.

கன்னியப்பன் ஒருவரைத் தட்டி எழுப்பப் போனார். ஷாரோன் கையைப் பிடித்துத் தடுத்தாள். "எழுப்பாதீங்க ஐயா. எட்டு மணி நேரம் நின்னுட்டு வந்திருக்காங்க. தூங்கட்டும்."

"அப்போ கதை?" என்றான் பேச்சிராஜ், மேடையிலிருந்தே.

விழித்திருந்த நான்கு பேரில் ஒருத்தி பாயிலிருந்து கை தூக்கினாள். "நீ நடத்து, தம்பி. இதுங்களுக்கு மிச்சத்த நா சொல்லிக்கிறேன்."

அதுதான் லீலா.

அன்றைக்கு ஏற்பட்ட சட்டம் இன்றுவரை இருக்கிறது. கொட்டகையில் தூங்குகிறவரை யாரும் எழுப்பக்கூடாது. பாதிக்கு மேல் சாய்ந்துவிட்டால் ஷாரோன் கீபோர்டின் சத்தத்தைக் குறைப்பாள், டோலக்காரர் விரல் நுனியால் வாசிப்பார், பேச்சிராஜ் அழுகிற வசனத்தைக்கூடக் காதோடு பேசுவதுபோல் பேசுவான். தூங்கியவர்கள் பத்து மணிக்கோ பதினொரு மணிக்கோ தாமாக எழுந்து, தலைமுடியில் வெள்ளை முத்துக்களோடு, வெட்கச் சிரிப்புச் சிரித்துக்கொண்டு போவார்கள். அந்த வாரத்திலேயே லீலா அவர்களைப் பிடித்துவிடுவாள். பஸ் நிறுத்தத்தில், கேன்டீன் வரிசையில், படப்பை போகிற ஷேர் ஆட்டோவில், எங்கே அகப்பட்டாலும் அங்கே.

"நீ அவன் சூட்கேஸ் வாங்குற எடத்துல சாஞ்சிட்ட," என்று தொடங்குவாள். யார் எந்த வசனத்தில் கண்ணை மூடினார்கள் என்பது அவளுக்கு அத்துபடி. நூறு வயர் நிறத்தை நினைவில் வைக்கிறவளுக்கு முப்பது தலை ஒரு பாரமா. அவள் சொல்லும்போது ஆட்டோக்காரர் வேகத்தைக் குறைப்பார். கேட்கிறவன் இறங்கவேண்டிய இடம் தாண்டிப் போவான். "அப்புறம் இன்னாச்சி, அக்கா?" என்று யாராவது கேட்கும் அந்த ஒரு நொடிக்காகத்தான் லீலா வாரம் முழுவதும் எழுந்து, குளித்து, சோறு கட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள் என்று சொன்னால் அது மிகையில்லை. வீட்டில் அவளை அப்படிக் கேட்க ஆள் இல்லை.

இப்போது பேச்சிராஜின் நாடகத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். அக்காவின் கல்யாணத்துக்கு ஊருக்குப் போகிறேன் போகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கிற ஒரு தொழிலாளியின் கதை. லீவு கிடைக்கிறது, சூட்கேஸ் வாங்குகிறான், பட்டுப் புடவை வாங்குகிறான். கடைசிக் காட்சியில் பஸ் நிலையத்தில் டிக்கெட்டோடு நிற்கிறான். பஸ் வருகிறது. ஏறாமல் திரும்பி நடக்கிறான். அவ்வளவுதான் முடிவு. ஏன் ஏறவில்லை என்று நாடகம் சொல்லாது. பேச்சிராஜும் சொல்லமாட்டான். நான்கு வருடத்துக்கு முன்னால் நிஜமாகவே அப்படித் திரும்பி நடந்தவன் அவன்தான். அவனுக்கே இன்னும் தெரியாத காரணத்தை நாடகம் எப்படிச் சொல்லும்?

விஷயம் வெடித்தது ஒரு புதன்கிழமை, பேச்சிராஜ் வேலை பார்க்கும் கம்பெனி கேன்டீனில். சாம்பார் சாதத்துக்கு முன்னால் மூன்று பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கேன்டீனில் பாத்திரம் கழுவுகிற ரத்தினம் அம்மாள், அவன் ஊருக்குப் போய்ச் சேர்ந்தான், கதவைத் திறந்ததே அவன் அம்மாதான் என்றாள். அவளுடைய மகன் துபாய் போய் இரண்டு வருடமாகப் பேச்சே இல்லை. ஒப்பந்தத் தொழிலாளி ஒருவன், அதெல்லாம் இல்லை, போனான், கல்யாணம் முடிந்ததும் வந்துவிட்டான், வந்த மறுநாள் பெர்மனென்ட் ஆர்டர் கையில் கொடுத்தார்கள் என்றான். மூன்றாவது ஆளுக்கு நிச்சயம் பண்ணிய பெண் மாட்டேன் என்று சொல்லி ஒரு மாதம்தான் ஆகிறது. அவன் மேசையைத் தட்டிச் சொன்னான்: கல்யாணத்தில் பரிமாற வந்த பெண்ணையே அவன் கட்டிக்கொண்டான், இப்போது படப்பையில் மனை வாங்கிப் போர் போட்டிருக்கிறான், இருபது அடியிலேயே நல்ல தண்ணி. மூன்று பேரும் ஒரே குரலில் சாட்சிக்குக் கூப்பிட்ட பெயர் லீலா.

பேச்சிராஜ் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான். தன் நாடகம் தனக்குத் தெரியாமல் படப்பையில் மனை வாங்கியிருக்கிறது என்று கேள்விப்பட்டால் யாருக்குத்தான் சோறு இறங்கும்.

அடுத்த ஞாயிறு காட்சி முடிந்ததும் கூட்டம் போட்டார்கள். பத்து மணிக்குத்தான் எல்லோரும் கிடைப்பார்கள். ஆனால் பதினாறு பேர் இன்னும் பாயில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். சட்டம் சட்டம்தானே. ஆகவே சண்டை முழுவதும் ரகசியக் குரலில் நடந்தது. கன்னியப்பன் பிறவியிலேயே ரகசியம் பேசத் தெரியாதவர். துண்டை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வெயில் கம்பிகள் தூங்குகிறவர்களின் மேல் நகர்ந்துகொண்டிருந்தன. ஒருவருடைய மீசையில் ஒரு முத்து மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கியது.

"என் நாடகத்த என்னத்துக்கு மாத்துனீய?" என்றான் பேச்சிராஜ், உதட்டை மட்டும் அசைத்து. "இனிமே மிச்சக்கதையே வேண்டாம். நான் வீடியோ எடுத்து வாட்ஸ்அப்ல போட்டுருதேன். தூங்குனவன் பாத்துக்கிடட்டும். அதுல முடிவு மாறாதுல்லா."

வீடியோ வந்துவிட்டால் லீலாவை யார் கேட்கப்போகிறார்கள்? பஸ் நிறுத்தத்தில் அவள் நாற்பத்திரண்டு வயதுப் பெண், அவ்வளவுதான். தப்பு தன்மேல் என்பதும் தெரியும்.

சுபஸ்ரீ எழுந்து சார்ட் பேப்பரை விரித்தாள். கம்பெனியில் ஒரு குறை வந்தால் ஆளைத் திட்டமாட்டார்கள். ஐந்து முறை 'ஏன்' கேட்பார்கள். ஐந்தாவது பதிலில் வேர் அகப்படும் என்பது கணக்கு. கடைசியில் ஒரு கட்டம் இருக்கும்: 'இனி நடக்காமலிருக்க.' இரும்புக்கும் ரப்பருக்கும் ஏற்பட்ட முறையை ஒரு மனுஷியிடம் கொண்டுவந்து வைக்கிறோமே என்று அங்கே இருந்தவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எல்லோரும் அந்தப் பழக்கத்திலேயே ஊறியவர்கள்.

"முடிவு ஏன் மாறிச்சு?" சுபஸ்ரீ எழுதிக்கொண்டே கேட்டாள்.

"நா மாத்திச் சொன்னேன்."

"ஏன் மாத்திச் சொன்னீங்க?"

"ரத்தினம் எதிர்ல நின்னுகினு, 'அம்மாவ பாத்தானா இல்லியா'ன்னு கேக்குது. இல்லன்னு சொல்ல வாய் வர்ல."

"ஏன் வரல?"

லீலா தரையிலிருந்த ஒரு முத்தை விரலால் உருட்டினாள். "வூட்டுக்குப் போய்த் தூங்கி எழுந்து, மறுநா ஷிஃப்டும் பாத்துட்டு, அதுக்கப்பறமும் மறக்காம வந்து கேக்குறாங்கோ. அவ்ளோ ஆசையா கேக்குறவங்களாண்ட, நின்னான் திரும்பினான்னு சொல்றதா?"

"அதுதான நடந்துச்சு," என்றான் பேச்சிராஜ்.

"நீங்க கேக்காதீங்க, நான் கேக்கணும்," என்றாள் சுபஸ்ரீ. "நாலாவது. ஏன், நடந்ததைச் சொன்னா என்ன?"

"நடந்தது இன்னான்னு உனுக்குத் தெரியும், தம்பி. நீ கண்ணால பாத்த." லீலா பேச்சிராஜைப் பார்த்துச் சொன்னாள். "எனுக்கு அப்டி இல்ல. மிச்சம்னா அது இன்னா வேணா இருக்கலாம்னு எனுக்குப் பழகிப் போச்சி."

கன்னியப்பன் துண்டை எடுத்துவிட்டு, "போதும், உடுங்க," என்றார். அவளுடைய குரல் மாறியதை அவர் கவனித்துவிட்டார்.

"இன்னும் ஒண்ணு இருக்கு ஐயா," என்றாள் சுபஸ்ரீ, பாவம், அட்டவணையைப் பார்த்துக்கொண்டே. "ஏன் பழகிச்சு?"

டோலக்காரர் எதுவும் புரியாவிட்டாலும் விரல்களைத் தோலிலிருந்து எடுத்துவிட்டார். லீலா, தூங்குகிறவர்களுக்குக் கேட்டுவிடக்கூடாது என்பதுபோல் மிக மெல்லச் சொன்னாள்.

"அப்போ நா நைட் ஷிஃப்ட். அவுரு ஜெனரல் ஷிஃப்ட் பஸ் ஓட்டினு இருந்தாரு. நா காலைல ஏழு மணிக்கி வருவேன், அவுரு ஏழரைக்கிக் கெளம்புவாரு. ஒரு நாளிக்கி எங்களுக்கு அந்த அரை மணி நேரம்தான். அன்னிக்கி அவுரு இட்லி துன்னுகினே சொல்றாரு. 'லீலா, நேத்து நம்ம பஸ்ல ஒரு பொண்ணு ஏறிச்சி. டிபன் பாக்ஸ மூடாம வச்சிகினு கீது. இன்னாடான்னு பாத்தா, உள்ள ஒரு கோழிக்குஞ்சு. கேட்ல செக்யூரிட்டி பாத்தா உடுவானா? அந்தப் பொண்ணு எறங்கறப்ப என்னாண்ட வந்து இன்னா சொல்லிச்சின்னா...'"

நிறுத்தினாள்.

"நா தூங்கிட்டேன்."

கன்னியப்பன் துண்டை மறுபடி வாயில் வைத்துக்கொண்டார்.

"பத்தே காலுக்கு வந்து எழுப்புனாங்கோ. வாலாஜாபாத் ரோட்டுல மாரு வலிச்சிருக்கு. வண்டிய ஓரமா ஒதுக்கி, ஹேண்ட்பிரேக் போட்டுட்டுத்தான் சாஞ்சாராம். பஸ்ல ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவல. அந்தப் பொண்ணு யாருன்னு நானும் எங்கெங்கியோ கேட்டுப் பாத்தேன். காண்ட்ராக்ட்டு புள்ளைங்க, மாசத்துக்கு ஒண்ணு மாறுது, யாருக்குத் தெரியும். ஒம்போது வருஷமா தெனம் நானே ஒண்ணு சொல்லிக்கிறேன். ஒரு நா அந்தக் குஞ்சு லைன்ல நடந்து போவும். ஒரு நா சூப்பர்வைசர் அத வூட்டுக்கு எடுத்துனு போவாரு. எதுவுமே இல்லன்னு தெரியும். அவுரு என்ன நம்பி வாயத் தொறந்து சொல்லிகினு கீறாரு, நா பாதில தூங்கிட்டேன். மூஞ்சத் திருப்பிகினு போயிருப்பாரோ இன்னாவோ. அதான் யாராவது தூங்கிட்டாங்கன்னா என்னால சும்மா இருக்க முடியல."

சுபஸ்ரீயின் மார்க்கர் கடைசிக் கட்டத்துக்கு மேலே நின்றது. 'இனி நடக்காமலிருக்க.' ஷாரோன் மெல்ல எழுந்து போய் அவள் தோளைத் தொட்டாள்.

பேச்சிராஜ் மார்க்கரை வாங்கி மூடியைப் போட்டான். "இதுல ஒண்ணும் எழுத வேண்டாம். என் முடிவு மேடையில இருக்கட்டும். வெளிய நீங்க சொல்லுததச் சொல்லுங்க, அக்கா. வீடியோ எல்லாம் ஒரு மண்ணும் வேண்டாம்."

சொல்லிவிட்டுப் போய்விடுவான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவன் போகவில்லை. லீலாவுக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். நடந்ததில் ஒரு வரி கூடவோ குறையவோ சம்மதிக்காத அந்தப் பிடிவாதக்காரன், தொண்டையைச் செருமிக்கொண்டு, தான் பார்க்காத ஒன்றைச் சொல்லத் தொடங்கினான்.

"அந்தப் பிள்ள என்ன சொல்லிச்சின்னா, அக்கா... 'அண்ணே, இத ஹாஸ்டல்ல விட்டா பூனை தின்னுரும். சாயங்காலம் வரைக்கும் உங்க பஸ்ல வச்சிக்கிடுதீங்களா'ன்னு கேட்டுச்சு."

லீலா நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணனுக்குச் சிரிப்பு வந்துட்டு. சரி குடுன்னு வாங்கி, தன் துண்டுல சுத்தி, இன்ஜின் சூடு படுத எடமாப் பாத்து வச்சாவ. பகல் பூரா அதுக்குக் காவல். மத்தியானம் நாலு பருக்க சோறு போட்டாவ. அது திங்கல, துண்டுலயே கழிஞ்சு வச்சிட்டு."

கன்னியப்பன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தார்.

"சாயங்காலம் அந்தப் பிள்ள வந்து வாங்கிட்டுப் போச்சு. அலுப்புல ஒரு வார்த்த பேசல. அண்ணனுக்கு அதுல ஒரு வருத்தமும் இல்ல. வீட்டுக்கு வந்தா உங்ககிட்டச் சொல்லணும்னு இருந்தாவ, நீங்க வேலைக்குப் போயிட்டிய. அதான் விடிஞ்சதும் மொத வேலையா சொன்னாவ."

"அப்புறம்?" என்றாள் லீலா. ஒன்பது வருடமாக வேறு யாரையும் கேட்டறியாத கேள்வி அது.

"கோழிக்குஞ்சு கதையச் சொல்லிக்கிட்டே திரும்பிப் பாத்தாவ. நீங்க தூங்கிட்டிய. வாய் லேசாத் திறந்து, கையில வயர் கறையோட. கொஞ்ச நேரம் நின்னு பாத்தாவ. எழுப்பணும்னு அவியளுக்குத் தோணவே இல்ல. ராத்திரி பூரா நின்னவ, தூங்கட்டும், மிச்சத்தச் சாயங்காலம் சொல்லிக்கிடலாம்னு, போர்வைய இழுத்து விட்டுட்டு, செருப்பக் கையில எடுத்துக்கிட்டு, சத்தம் வராமக் கதவச் சாத்திட்டுப் போனாவ."

"மூஞ்சத் திருப்பலியா?"

"எதுக்குத் திருப்பணும்? சிரிச்சிக்கிட்டேல்லா போனாவ."

இது அவன் இப்போது உட்கார்ந்த இடத்தில் கட்டியது என்று லீலாவுக்குத் தெரியும். கதை கட்டுகிறவளுக்கு இன்னொருவர் கட்டுவது தெரியாதா? தெரிந்தும் அது உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. தானே சொல்லிக்கொண்ட மூவாயிரம் மிச்சங்களில் ஒன்றுகூட அப்படி உட்கார்ந்ததில்லை. முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது, சத்தம் வெளியே வரவில்லை. பதினாறு பேர் தூங்குகிறார்களே.

கன்னியப்பன் எழுந்து நின்றார். கொட்டகையின் சட்டத்தை எல்லோரையும்விடக் கண்டிப்பாகக் காத்தவர், தன் சொந்தக் குரலில், தகரம் அதிரச் சொன்னார்.

"வாய் உட்டு அழும்மா. எவன் எழுந்தா இன்னா."

லீலா அழுதாள். பாய்களில் ஒவ்வொருவராக எழுந்து உட்கார்ந்தார்கள்.